முதல் தொட்டிக்கு மீன் தேர்வு: சென்னை நீரில் 100 லிட்டர் தொட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டது ஏதோ ஒரு தனி வீட்டின் கதையல்ல. சென்னையில் முதன்முதலாகத் தொட்டி வாங்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் கடைகளுக்குக் கொண்டுபோகும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பட்டியலை மாதிரியாக வைத்துக்கொண்டு, எந்த மீன் ஏன் கழிகிறது, எது ஏன் நிற்கிறது, மிஞ்சிய இடத்தில் எதைப் போடலாம் என்று பார்ப்போம்.

தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வெளி அளவுப்படி 127 லிட்டர். அடியில் 2 அங்குலம் கல், மேலே ஒன்றரை அங்குலம் காலி விட்டால் உள்ளே நிற்கும் நீர் 100 லிட்டர்தான். மீன் எண்ணிக்கையும் மருந்தின் அளவும் இந்த 100ஐ வைத்துத்தான் போட வேண்டும். நீர், 20 கிலோ கல், கண்ணாடி மூன்றும் சேர்ந்து 150 கிலோவை ஒட்டி வரும். டிவி ஸ்டாண்ட் இதைத் தாங்காது.

தண்ணீர் அடுக்குமாடியில் வரும் வழக்கமான கலவை: ஆழ்துளைக் கிணற்று நீர் கொஞ்சம், மெட்ரோ தண்ணீர் கொஞ்சம். டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 600, பிஎச் (அமில-கார அளவு) 7.8, மொத்தக் கடினத்தன்மை 250 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 250 மில்லிகிராம் (ஜெர்மன் அளவில் 14 டிகிரி). தொட்டியின் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 29 டிகிரி செல்சியஸ். ஏப்ரல், மே மதியங்களில் 31ஐத் தொடும். ஹீட்டர் தேவையில்லை, ஆனாலும் பல கடைகளில் செட்டோடு சேர்த்துத் தலையில் கட்டிவிடுவார்கள்.

இடையில் ஒன்று. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. குழாய் நீரின் உப்பெல்லாம் செறிந்து நிற்கும் நீர் அது. டிடிஎஸ் பேனாவை அதில் ஒருமுறை முக்கிப் பார்த்தால் போதும். மொட்டை மாடிச் செடிக்குக்கூட யோசித்துத்தான் ஊற்றத் தோன்றும்.

கையில் இருந்த பட்டியல்

ஒரண்டா தங்கமீன் 2, நியான் டெட்ரா 6, டைகர் பார்ப் 4, ஏஞ்சல் 2, கப்பி 3 ஜோடி, சிவப்பு வால் ஷார்க் 1, சக்கர் 1, ஃபைட்டர் ஆண் 1. மொத்தம் 23. கடையில் எல்லாமே ஒன்றரை, இரண்டு அங்குலக் குஞ்சுகள். 3 அடித் தொட்டியில் 23 குஞ்சுகளைக் கற்பனை செய்தால் இடம் தாராளமாகத்தான் தெரியும்.

இந்தப் பட்டியலை முதலில் "எது எதைக் கடிக்கும்" என்று பார்ப்பதுதான் வழக்கம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. குழாயில் வரும் நீரையும் வீட்டுச் சூட்டையும் நம்மால் எளிதில் மாற்ற முடியாது. மீன் பட்டியலை ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். அதனால் முதல் சல்லடை நீர், இரண்டாவது வளர்ந்த பின் அளவு. குணம் மூன்றாவதாகத்தான் வருகிறது.

தங்கமீன் முதல் சல்லடையிலேயே நிற்கவில்லை. 18 முதல் 24 டிகிரிக்குள் நன்றாக இருக்கும் மீன் அது. 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும். 30 டிகிரியில் அது 7.6க்கு இறங்கிவிடும். சூடு ஏறும்போது மீனுக்கு மூச்சுத் தேவை கூடுகிறது, நீரில் இருப்போ குறைகிறது. சென்னையில் தங்கமீனே வளர்க்க முடியாது என்பதில்லை. வளர்க்கிறார்கள், தனித் தொட்டியில், அதிக நீரில், பலத்த காற்றோட்டத்தோடு. வெப்பமண்டல மீன்களோடு 100 லிட்டரைப் பங்கு போடும்போதுதான் இடிக்கிறது. ஒரண்டா 6, 7 அங்குலம் வளரும், தின்பதற்கேற்ற கழிவு போடும். இரண்டு ஒரண்டா மட்டுமே இந்தத் தொட்டிக்கு நிறைவு.

நியான் டெட்ரா அமேசானின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரின் மீன். 20 முதல் 26 டிகிரி அதற்கு இதம். பண்ணையில் பிறந்தவை கடின நீரை ஓரளவு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் 250 பிபிஎம் கடினத்தன்மையும் 30 டிகிரியும் ஒன்றாகச் சேரும்போது, வாங்கிய முதல் மாதத்தில் தினம் ஒன்றாகக் குறையும் மீன் இதுதான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அவர் தொட்டியில் இரண்டு நாள் இருந்த மீன் நம் தொட்டியில் மூன்று ஆண்டு இருக்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

கப்பி, ஏஞ்சல் இரண்டும் இந்த நீரில் தேறும். கப்பிக்குக் கடின நீர் பிடித்தமானது. ஏஞ்சலின் தாயகம் அமேசான் என்றாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. சூட்டையும் 30 டிகிரி வரை தாங்கும். ஃபைட்டருக்கும் சூடு ஒரு பொருட்டல்ல. சக்கர் எந்த நீரிலும் வாழும், தொல்லையே அதுதான். டைகர் பார்ப், ஷார்க் இரண்டும் மே மாதத்தில் மட்டும் சிரமப்படும்.

அடுத்தது அளவு. "சக்கர் அழுக்கெல்லாம் தின்னும், தொட்டி கழுவவே வேண்டாம்" என்று சொல்லித்தான் விற்பார்கள். கண்ணாடிப் பாசியைக் கொஞ்சம் சுரண்டும், அவ்வளவே. மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தானே நீளநீளமாகக் கழிவை விட்டு வடிகட்டியை அடைக்கும். ஒன்றரை அடி வரை வளரும் மீனுக்கு 1 அடி அகலத் தொட்டியில் திரும்பக்கூட இடம் போதாது. அந்த நிலை வந்ததும் பலர் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலையில் மீனுக்குப் பதில் சக்கர் வந்து மாட்டுவது அப்படித்தான். முள்ளும் தட்டுமாக உள்ள உடம்பு வலையையும் கிழிக்கிறது.

ஷார்க் என்று கேட்டால் கடையில் மூன்று வேறு மீன்கள் கிடைக்கும், எது என்று பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு வால் ஷார்க் 5 அங்குலத்தோடு நிற்கும். சில்வர் ஷார்க் ஒரு அடி. சாம்பல் நிறத்தில் கூட்டமாகப் படபடக்கும் மூன்றாவது, பங்காசியஸ். ஓட்டல்களில் பாசா என்று தட்டுக்கு வரும் வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் அதை வீட்டுத் தொட்டிக்கு விற்பதே தவறு.

குணம்

மிச்சமிருப்பவை டைகர் பார்ப், ஏஞ்சல், கப்பி, சிவப்பு வால் ஷார்க், ஃபைட்டர். இப்போது யார் யாரோடு என்று பார்க்கலாம்.

டைகர் பார்ப் கெட்ட மீன் இல்லை, எண்ணிக்கைதான் தவறு. எட்டு, பத்து என்று கூட்டமாக இருந்தால் துரத்தல் எல்லாம் அவற்றுக்குள்ளேயே ஓடும். நான்கே இருந்தால் அந்தத் துறுதுறுப்பு வெளியே திரும்பும். ஏஞ்சலின் தொங்கும் துடுப்பு, கப்பியின் வால், ஃபைட்டரின் விசிறி எல்லாம் கந்தலாகிவிடும். கடிபட்ட விளிம்பு வெள்ளையாகி அரிக்கத் தொடங்கினால் துடுப்பு அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எட்டு டைகர் பார்ப் வைப்பதானால் நீண்ட துடுப்புள்ள மீன் எதுவும் அந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது.

ஃபைட்டருக்கும் ஆண் கப்பிக்கும் ஆகாது. அகன்ற வண்ண வாலைப் பார்த்ததும் ஃபைட்டர் இன்னொரு ஃபைட்டர் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். சிவப்பு வால் ஷார்க் சிறிதாக இருக்கும்போது ஒளிந்தே கிடக்கும். மூன்று அங்குலம் ஆனதும் அடித்தளம் முழுவதும் தனக்கே என்று விரட்டத் தொடங்கும். ஏஞ்சல் தன் வாய்க்குள் நுழைவதைத் தின்னும். நியான் அதன் வாய்க்குள் எளிதாக நுழையும். முழு வளர்ச்சியடைந்த ஏஞ்சலுக்கு ஆண் கப்பியும் அப்படியே. இரண்டு ஏஞ்சல் ஜோடி சேர்ந்துவிட்டால் முட்டை வைத்த மூலையிலிருந்து பாதித் தொட்டி மற்ற மீனுக்குத் தடை.

ஆக 23இல் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பது என்று எடுத்தால் கப்பி மட்டுமே. ஏஞ்சல்தான் வேண்டும் என்று வீட்டில் ஒருவர் அடம்பிடித்தால் அதுவும் நடக்கும்: ஒரே அளவில் இரண்டு ஏஞ்சல், கூட வளர்ந்த மோலிகள் ஐந்தாறு, வேறு எதுவும் வேண்டாம். பலவகை மீன் ஒன்றாக ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விருப்பம் என்றால் ஏஞ்சலை விட்டுவிடுவதே எங்கள் முடிவு.

என்ன போட்டோம், ஏன்

மூன்றே வகை. கப்பிக்குப் பதில் அதைப் போலவே கடின நீரை விரும்பும் மோலியை எடுத்துக்கொண்டோம். வரிக்குதிரை டேனியோ 8. கறுப்பு மோலி 5 (ஆண் 1, பெண் 4). முத்து கௌராமி 3 (ஆண் 1, பெண் 2). 16 மீன். வளர்ந்த நீளங்களைக் கூட்டினால் 105 சென்டிமீட்டர் சுமார் வரும், லிட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். இது தோராயக் கணக்குதான். மெல்லிய உடல் கொண்ட சின்ன மீன்களுக்கே பொருந்தும், ஒரண்டா மாதிரி உருண்டை மீனுக்குப் பொருந்தாது.

டேனியோ நம் துணைக்கண்டத்து மீன். ஓடையிலும் வயல் வாய்க்காலிலும் குளிர், வெயில் இரண்டையும் பார்த்த இனம். மிதமான வெப்பமே அதற்கு விருப்பம் என்றாலும் நீர் நன்றாகக் கலங்கி ஆக்சிஜன் இருந்தால் மே மாதத்தைக் கடந்துவிடும். ஆறுக்குக் குறைந்தால் ஒன்றையொன்று நச்சரிக்கும், எட்டில் அது கலைந்துபோகும். நீளத் துடுப்பு வகையைத் தவிர்த்து சாதாரண வகையே வாங்குங்கள். மூடியில்லாத தொட்டியில் துள்ளி வெளியே விழும், ஒயர் செல்ல விட்ட இடைவெளியே அதற்குப் போதும்.

மோலிக்கு இந்த 250 பிபிஎம் நீர்தான் சொந்த வீடு. மென்மையான நீரில் அது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். கடின நீரில் அந்தத் தொல்லை அரிது. கல்லிலும் இலையிலும் படியும் பாசியை நாள் முழுக்கக் கொறிக்கும், சக்கர் செய்யும் என்று சொன்ன வேலையில் பாதியைச் செய்துவிடும். ஆணுக்கு அடித் துடுப்பு குச்சி போல் கூர்ந்திருக்கும், பெண்ணுக்கு விசிறி. சரிபாதி வாங்கினால் பெண்கள் ஓய்வின்றித் துரத்தப்பட்டு மெலியும். அதனால்தான் ஒன்றுக்கு நான்கு. ஆணே வாங்காவிட்டால் குட்டி வராது என்பதும் நடக்காது. கடையில் ஆணோடு இருந்த பெண், விந்தைச் சேமித்து வைத்துப் பல மாதம் குட்டி போடும். பெரும்பாலானவற்றை டேனியோவும் கௌராமியும் தின்றுவிடும். பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கலாம், தொட்டியின் கணக்கு நிற்பது அதனால்தான்.

முத்து கௌராமி இதில் பெரியது, நாலரை அங்குலம் வரும். கௌராமிகளில் மிகச் சாதுவானது இதுவே. நீலக் கௌராமி என்று விற்கும் மூன்று புள்ளி வகையை இதற்குப் பதிலாக எடுத்துவிடாதீர்கள், அது வளர்ந்ததும் தொட்டியை ஆளப் பார்க்கும். மேலே வந்து வெளிக்காற்றை இழுத்து மூச்சு விடும் உறுப்பு இருப்பதால் மின்வெட்டிலும் கோடையிலும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆணின் நெஞ்சு ஆரஞ்சு நிறம், முதுகுத் துடுப்பு நீண்டு கூர்மை. ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் மாதிரி நீர்ச்செடி எதையாவது மேலே ஒரு மூலையில் மிதக்க விட வேண்டும்; மறைவு இல்லாவிட்டால் பின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நிறம் மங்கி நிற்கும்.

இந்தச் சேர்க்கையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். டேனியோ வேகம், கௌராமி நிதானம். தீனியை ஒரே இடத்தில் போட்டால் கௌராமி பட்டினி. தொட்டியின் ஒரு முனையில் நொறுக்கிய தீனியைத் தூவி டேனியோவை அங்கே இழுத்துவிட்டு, மறுமுனையில் செடிக்கு அடியில் சிறு உருண்டைத் தீனி போட வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இருமுறை.

தரையில் மேய ஒரு மீன் வேண்டுமே என்று கேட்பார்கள். கட்டாயமில்லை. கோரிடோரஸ் அழகானதுதான், ஆனால் பெரும்பாலான வகைக்கு 30 டிகிரி அதிகம். கூர்மையான கல்லில் மீசையும் தேய்ந்துபோகும். மணல் தரை போட்டு, சூட்டைத் தாங்கும் ஸ்டெர்பாய் வகை ஆறு கிடைத்தால் மோலிக்குப் பதிலாக வைக்கலாம். இரண்டையும் சேர்த்தால் எண்ணிக்கை மிஞ்சிவிடும்.

மீன் வருமுன் ஒரு மாதம்

பொருத்தமான மீனையே வாங்கி, நேற்று நிரப்பிய தொட்டியில் விட்டால் அதுவும் சாகும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊரில் இது இரட்டிப்பு முக்கியம். அம்மோனியாவில் நச்சான பங்கு, பிஎச் 7, 25 டிகிரியில் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். பிஎச் 7.8, 30 டிகிரியில் அது ஏறக்குறைய 5 சதவீதம். அதே அளவு கழிவுக்கு ஒன்பது மடங்கு நச்சு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் "1 பிபிஎம் வரை கவலையில்லை" என்று இருந்தால் அதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

மீன் விடாமலே பாக்டீரியாவை வளர்க்க அம்மோனியம் குளோரைடு வேண்டும். ஈயம் பூச எடுக்கும் நவச்சாரம் இதே பொருள்தான், ஆனால் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்குவது மேல். 100 லிட்டரில் அம்மோனியா 2 பிபிஎம் வர 0.63 கிராம் போதும். சமையலறைத் தராசு இதை அளக்காது. 6.3 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் 100 மில்லி ஊற்றினால் கணக்கு சரி. வடிகட்டி இரவும் பகலும் ஓட வேண்டும். மணிக்கு 400 முதல் 600 லிட்டர் தள்ளுவது, அதோடு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்று. அந்தச் சின்ன பம்பை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டிவிடுங்கள்.

சொட்டு மருந்து வகைச் சோதனைக் கிட்டில் அம்மோனியா இறங்கியதும் மீண்டும் 100 மில்லி. நடுவில் நைட்ரைட் உச்சத்துக்குப் போய்ச் சில நாள் அப்படியே நிற்கும், இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். போட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லாமல் பூஜ்யமானால் தயார். பாதிக்கு மேல் நீரை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு, அன்றோ மறுநாளோ மீன் வர வேண்டும். வாரக்கணக்கில் தீனியில்லாமல் விட்டால் பாக்டீரியா குறைந்துவிடும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்த சாறு கிடைத்தால் காலம் பாதியாகும்.

புதுத் தொட்டிக்கென்று மெத்திலீன் ப்ளூ, மஞ்சள் மருந்து, ஒரு கை கல்லுப்பு என்று கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள். மெத்திலீன் ப்ளூ வடிகட்டியின் பாக்டீரியாவைத் தாக்கும். நோயில்லாத தொட்டியில் மருந்துக்கு வேலையே இல்லை.

விடும் வரிசை

முதலில் எட்டு டேனியோவும் ஒரே நாளில். இரண்டு வாரம் கழித்து மோலி. அதற்கும் இரண்டு வாரம் கழித்து கௌராமி. இடத்தைப் பிடித்து ஆளும் குணம் எதற்கு அதிகமோ அது கடைசி. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் நாள் வரை அம்மோனியா, நைட்ரைட் பார்க்க வேண்டும். நைட்ரைட் தலைகாட்டினால் தீனியைப் பாதியாக்கி, நீரில் கால்வாசி மாற்றி, 100 லிட்டருக்கு 10 கிராம் அயோடின் சேர்க்காத உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். கல்லுப்புக்கு இருக்கும் உண்மையான வேலை இதுதான்.

மோலியைக் கடையில் உப்பு நீரில் வைத்திருப்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது பையிலுள்ள நீரில் டிடிஎஸ் பேனாவை விட்டுப் பாருங்கள். 1,500 காட்டினால் 600க்கு இறக்க ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும்: பையை 15 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு அரை டம்ளர் தொட்டி நீர். கடை நீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடவும். மோலி, கப்பி வகைகளில் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் போல் ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அது கமலானஸ் புழு. அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனையும் வாங்காதீர்கள். 25 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்க முடிந்தால், வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் வருவதையும் தடுக்கலாம்.

அதன் பிறகு வாரம் 25 லிட்டர் மாற்றினால் போதும். புது நீரிலுள்ள குளோரினுக்கு 20 லிட்டர் வாளிக்கு அரை கிராம் சோடியம் தயோசல்பேட் தாராளம். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மீனையெல்லாம் வாளியில் பிடித்துவிட்டு, கல்லும் ஸ்பாஞ்சும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, முழு நீரையும் மாற்றும் வழக்கத்தில் ஒரு மாதம் வளர்த்த பாக்டீரியா அரை மணி நேரத்தில் போய்விடும். மூன்றாம் நாள் நீர் பால்போல் வெளுக்கும். அழுக்கு என்று நினைத்து மறுபடி கழுவுவார்கள்.

கோடையில் கண்ணாடி மூடிக்குப் பதில் கொசுவலைச் சட்டம் போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஓடவிட்டால் 2, 3 டிகிரி இறங்கும். அதற்கு விலையாக நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. குறையும் அளவைக் குழாய் நீரால் நிரப்பிக்கொண்டே போனால் 600 டிடிஎஸ் மே முடிவதற்குள் எங்கோ போய்விடும். ஆர்ஓ வடிகட்டிய குடிநீரோ பிடித்து வைத்த மழை நீரோ இதற்கு மட்டும் ஊற்றலாம்.

இதே தொட்டி கோவையில் சிறுவாணி நீர் வரும் வீட்டில் இருந்தால் பட்டியல் தலைகீழ். கனிமம் மிகக் குறைந்த அந்த நீரில், சென்னையை விடக் குறைந்த சூட்டில், முதலில் கழித்த நியான் முதலிடத்துக்கு வரும்: நியான் 12, கோரிடோரஸ் 6, தேன் கௌராமி 3. மோலிதான் அங்கே கழியும். நீரில் கார்பனேட் குறைவாக இருப்பதால் பிஎச் சில மாதங்களில் திடீரென்று சரியக்கூடும்; வடிகட்டியில் ஒரு சிறு பையில் உடைத்த கிளிஞ்சல் ஒரு பிடி வைத்து, மாதம் ஒருமுறை பிஎச் பார்த்துக்கொள்ள வேண்டும்.